இருபத்துமூன்று மணி நேரச் சாதனை

பதினெட்டாம் பிறந்த நாள் காலையில் குழந்தைகள் நல இலாகாவின் பிள்ளைகள் எல்லாரும் பெரியவர்களாகிவிடுகிறார்கள். பெரியவர்களுக்குப் பசித்தால் பார்த்துக்கொள்ளத் தெரியும் என்பது இலாகாவின் துணிபு. ஆறு வயது முதல் வளர்ப்பு வீடுகளில் மாறி மாறி வளர்ந்து, வாயாடி என்றே பெயரெடுத்தவளையும் அப்படித்தான் ஒரு பையும் வாழ்த்து அட்டையும் கொடுத்து அனுப்பினார்கள். மூன்று வாரமாகிறது. உணவு அட்டைக்கு இன்னும் ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி. அதற்காக இலாகா அலுவலகத்தில் கண்காணிப்பாளர் முன் நின்றாள்.

அவர் கண்ணை மூடியிருந்தார். அந்த அலுவலகத்தில் அப்போது பட்டினிதான் ஃபாஷன். பதினாறு மணி நேரம் சாப்பிடாவிட்டால் இடுப்பு இளைக்கும், மூளை தெளியும் என்று மேலதிகாரி சொல்லப்போக, ஃபைல் நகராவிட்டாலும் பெல்ட்டின் ஓட்டை நகர்ந்துகொண்டிருந்தது.

"கடைசியா எப்பம்மா சாப்பிட்ட?"

"நேத்து மத்தியானம் ஒரு மணிக்கு சார்."

கடிகாரத்தைப் பார்த்தவர் எழுந்தே நின்றுவிட்டார். "இருபத்துமூணு மணி நேரம்! நான் பதினாலைத் தாண்டினதில்ல. தட்டச்சரம்மா, ஓடி வாங்க!"

"அதான் முகத்துல இவ்வளவு தெளிவு," என்றார் தட்டச்சரம்மா. "எப்படிடீ முடியுது?"

நுணலும் தன் வாயால் கெடும். "பழகிடுச்சும்மா. வயித்தை இறுக்கிக் கட்டிக்கணும். தண்ணியா குடிக்கணும். ஹோட்டல் இருக்கற தெருவுல மட்டும் நடக்கக் கூடாது."

தட்டச்சரம்மா குறித்துக்கொண்டு, கடைசி வரியை அடிக்கோடிட்டார்.

"சார், கையெழுத்து..."

"எப்படிப் போடறது? பசியால வாடுறவங்களுக்குத்தான் அட்டை. உனக்குத்தான் பழகிடுச்சே! ரெண்டு பேர் சாட்சி இருக்கோம்."

"நீங்க டிபன் பாக்ஸை வச்சுக்கிட்டுப் பட்டினி கிடக்கறீங்க சார். எனக்கு அந்த பாக்ஸே இல்ல."

"அப்ப உனக்கு சபலமே வராது. கொடுத்து வச்சவ!"

மணி பன்னிரண்டு அடித்தது. பதினாறு மணி நேரம் முடிந்ததோ இல்லையோ, டப்பாக்கள் திறந்தன. வறுவல் வாசனை அறையை நிறைத்தது. வாயாடி நகரவில்லை.

"கொஞ்சம் வெளிய இரும்மா," என்றார் கண்காணிப்பாளர், உண்மையான கூச்சத்தோடு. "விரதத்துல இருக்கறவ முன்னால சாப்பிட மனசு வரல."

அன்று மாலையே அவளுக்குப் பாராட்டுச் சான்றிதழ் தயாராயிற்று. அவள் சொன்ன மூன்று குறிப்புகளையும் அச்சிட்டு, இனி வெளியேறும் பிள்ளைகளின் பையில் வைக்கும்படி சுற்றறிக்கை போனது. உணவு அட்டை கேட்கும் பகுதி, தேவையற்றதென அவர்களுடைய படிவத்திலிருந்தே நீக்கப்பட்டது.

மறுநாள் பத்திரிகையில் அவள் படம் வந்தது. காலைப் பலகாரத்தோடு நாமும் பார்த்தோம். "பொண்ணுன்னா இப்படி இருக்கணும்!" என்றோம். பிறகு அந்தத் தாளைக் கிழித்து, எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டோம்.