பிரிண்டர் வழியாக வந்த பேராசிரியர்

வாஷிங்டனில் ஆற்றைப் பார்த்தபடி ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் மூன்றாவது மாடியில்தான் எங்கள் தொழில்நுட்ப மற்றும் இணையப் பாதுகாப்புக் கொள்கை ஆய்வு மையம். நாட்டை இணையத் திருடர்களிடமிருந்து காப்பாற்றும் பெரும்பொறுப்பு எங்களுடையது. பன்னிரண்டு வருஷமாக நான் அங்கே அலுவலக மேலாளர், பெயர் டோரின். கதவு பூட்டுவது, கூட்டத்துக்குப் பேகல் ரொட்டி வரவழைப்பது, எந்தக் காகிதம் யார் மேசைக்குப் போக வேண்டும் என்று பார்ப்பது என் வேலை. கொள்கை என் வேலை இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிற்பாடு என்னைக் கேட்காதீர்கள்.

போன ஜனவரியில் ஹிருத் என்ற பெண் பகுதிநேர ஆய்வுப் பயிற்சி மாணவியாகச் சேர்ந்தாள். வாரத்துக்குப் பத்து மணி நேரம். அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட நாட்டைக் காப்பாற்றக் கூடாது என்பது விதி. அவள் எழுதும் ஆய்வறிக்கையை ஏப்ரல் முடிவதற்குள் மையம் ஏற்றுக்கொண்டால் மூன்று கிரெடிட் கிடைக்கும். அந்த மூன்றும் இல்லாவிட்டால் மே மாதம் பட்டம் இல்லை. அவளுடைய அம்மா பட்டமளிப்புக்கு இப்போதே மூன்று சர்ச் ஆட்களுக்குச் சொல்லி வைத்துவிட்டாளாம்.

சேர்ந்த முதல் நாளே, அரை மணி நேரத்தில், என் மேசைக்கு வந்து நின்றாள்.

“டோரின், நம்ம பிரிண்டரோட பாஸ்வேர்ட் இன்னும் கம்பெனிக்காரன் போட்டுக் குடுத்ததுதான். ஒண்ணு ரெண்டு மூணு நாலு. உலகத்துல எங்க உக்காந்திருக்கறவனும் உள்ள வரலாம். நாம ஸ்கேன் பண்றது அத்தனையும் பாக்கலாம்.”

“அடப்பாவமே!”

“மாத்திடட்டுமா? ரெண்டு நிமிஷ வேலை.”

“உனக்கு அதிகாரம் இல்லையே கண்ணு.”

“அப்ப நீங்க மாத்துங்க.”

“அது என் வேலை விவரத்துல இல்ல. கம்ப்யூட்டர் பிரிவுதான் மாத்தணும். அவங்க கொள்கை இல்லாம கை வைக்க மாட்டாங்க.”

“கொள்கைய யாரு எழுதணும்?”

“நாமதான்.”

இயக்குநர் டாக்டர் ஹாலோவேக்கு விஷயம் போனது. மனிதர் பூரித்துப்போனார். “பிரமாதமான ஆய்வுத் தலைப்பு!” என்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஹிருத் அன்றைக்கே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாள். முதல் வரி: பாஸ்வேர்டை மாற்றுங்கள். எப்படி மாற்றுவது என்பது மீதி வரிகள்.

டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “முடிவ முதல் வரியிலயே சொல்லிட்டா அப்புறம் ஆய்வு எதுக்கும்மா?”

துணை இயக்குநர் கார்வினுக்கு வேறு வருத்தம். “இதுல மீள்திறன் ஒரு இடத்துலகூட இல்லையே?” மீள்திறன் என்ற சொல் அந்த வருஷத்து மோஸ்தர். அதற்கு முந்தின வருஷம் சூழல்மண்டலம். அந்த வருஷம் நாங்கள் மதியச் சாப்பாட்டு வரிசையைக்கூட சூழல்மண்டலம் என்றுதான் சொன்னோம்.

பிப்ரவரியில் பல்தரப்பு வட்டமேசை கூடியது. ‘கடவுச்சொல் என்றால் என்ன?’ என்று காலை பத்து மணிக்குத் தொடங்கி மூன்று மணி நேரம் பேசினார்கள். நாற்பது பேகல் தீர்ந்தது. கடவுச்சொல் என்பது ஒரு பயணம் என்று கார்வின் சொன்னதும் கைதட்டல் எழுந்தது. ஹிருத் ஒருத்திதான் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, யாரும் தொடாமலே பிரிண்டர் முனகிக்கொண்டு ஒரு தாளைத் தள்ளியது. ‘உங்கள் பிரிண்டர் ஊருக்கே திறந்து கிடக்கிறது. நான் வெளியிலிருந்து எழுதுகிறேன். உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள், முட்டாள்களே.’ கீழே பெயர் இல்லை.

எங்கள் மையத்தில் வரைவு எதிலும் பெயர் போடக் கூடாது. போட்டால் பெரியவர்கள் எழுதியதைச் சின்னவர்கள் திருத்தப் பயப்படுவார்களாம். ஆகவே பெயரில்லாத தாள் எது வந்தாலும் அதைப் பச்சைப் பென்சிலோடு கருத்துக்கு அனுப்புவது என் வேலை. அனுப்பினேன்.

சாயங்காலம் தாள் பச்சையாகத் திரும்பி வந்தது. ‘உடனே’ என்பதற்குப் பக்கத்தில் டாக்டர், ‘ஆதாரம்?’ என்று எழுதியிருந்தார். ‘முட்டாள்களே’ என்பதைக் கார்வின் அடித்துவிட்டு, ‘பங்குதாரர்களே என்றால் அனைவரையும் உள்ளடக்கும்’ என்று திருத்தியிருந்தார். கோப்புக்காக அதை ஸ்கேன் செய்தேன். அதே பிரிண்டரில்தான், வேறெதில் செய்வது?

மறுநாள் காலை இரண்டாவது வரைவு வந்து கிடந்தது. ‘உடனே’ போய் ‘உரிய காலத்தில்’ வந்திருந்தது. ‘பங்குதாரர்களே’ இருந்தது. ஆறு அடிக்குறிப்புகள் வேறு.

ஹிருத் அதை எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன்.

“டாக்டர், இத நம்ம ஆளு யாரும் எழுதல! வெளியில இருந்து எவனோ உள்ள வந்து எழுதறான்!”

“யார் எழுதினதுன்னு கேக்கறது நம்ம மரபு இல்லம்மா.”

“அவன் திருடன், டாக்டர்!”

“இருக்கட்டும். நாங்க சொன்ன ஒவ்வொரு கருத்தையும் மதிச்சு, ஒரே ராத்திரியில திருத்தியிருக்காரு பாரு. நீ என்னிக்காவது அப்படிச் செஞ்சியா? இன்னும் ‘மாற்றுங்கள்’லயே நிக்கற.”

அவள் முகம் சுண்டிப்போயிற்று. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவப்படுவதற்கென்று ஒரு படிவம் எங்களிடம் கிடையாது.

பச்சைப் பென்சில் இந்தப் பக்கம் போவதும் புது வரைவு அந்தப் பக்கம் வருவதுமாக ஒரு மாதம் ஓடியது. அறிக்கை நாற்பது பக்கம் ஆனது. மூச்சுக்கு முன்னூறு தடவை மீள்திறன். பாஸ்வேர்டை மாற்றச் சொன்ன வரி எப்போது காணாமல் போனதென்று யாரும் கவனிக்கவில்லை, எழுதியவன் உட்பட. ஏப்ரல் நடுவில் அறிக்கையை வெளியிட்டோம். மூன்று பல்கலைக்கழகங்கள் பாராட்டின. ஆசிரியரை வருகைதரு பேராசிரியராக நியமித்தார் டாக்டர் ஹாலோவே. நியமனப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். பெயர் என்ற இடத்தில் ‘பின்னர் தெரிவிக்கப்படும்’ என்று போட்டேன்.

ஏப்ரல் கடைசி வாரம் ஹிருத்தின் ஒற்றைப் பக்கம் திரும்பி வந்தது. ‘இப்பொருள் குறித்து வருகைதரு பேராசிரியர் ஏற்கெனவே விரிவாக எழுதிவிட்டபடியால், இதில் புதுமை இல்லை’ என்று குறிப்பு. மாதம் முடிய நான்கு நாள் இருந்தது.

அவள் அழவில்லை. காகிதத்தை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு நேரே பிரிண்டரிடம் போனாள். நான் காப்பிக் கோப்பையோடு பக்கத்தில்தான் நின்றிருந்தேன். டக் டக் என்று நாலைந்து பொத்தான்களை அழுத்தினாள். பிரிண்டர் ஒரு தடவை ‘டிங்’ என்றது.

“ஆச்சு” என்றாள். கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்றரை நிமிடம்.

சபாஷ் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம்.

மறுநாள் காலை பிரிண்டர் தட்டு காலியாகக் கிடந்தது. பத்து மணிக்கு டாக்டர் பதறிக்கொண்டு வந்தார். “பேராசிரியர்கிட்டேருந்து ஒண்ணும் வரலையா? உடம்பு சரியில்லையோ?”

“பாஸ்வேர்ட மாத்திட்டேன், டாக்டர். இனிமே வரமாட்டாரு.” ஹிருத்தின் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

டாக்டர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். “ஊடுருவல்! நம்ம மையத்துக்குள்ளேயே ஊடுருவல்!”

கம்ப்யூட்டர் பிரிவை அழைத்தார்கள். மூத்த ஆய்வாளர் ஒருவர் வெளியே மாட்டிக்கொண்டிருக்கிறார் என்றதும் அலறியடித்துக்கொண்டு வந்து, பாஸ்வேர்டைப் பழையபடி ஒன்று இரண்டு மூன்று நான்காக மாற்றிக் கொடுத்தார்கள். அதற்கு ஆன நேரம் நான்கு நிமிடம். கொள்கை எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

விசாரணைக் குழு அமைத்தார்கள். தலைவராக, மையத்தில் யாரோடும் நேரில் பழக்கமில்லாத, நடுநிலையான ஒருவர் தேவைப்பட்டார். அப்படி ஒரே ஒருவர்தான் இருந்தார். அவருடைய தீர்ப்பு மறுநாள் காலை தட்டில் சூடாக வந்து விழுந்தது.

‘அனுமதியின்றி ஓர் அச்சுப்பொறிக்குள் நுழைவது மன்னிக்கத்தகாத செயல். அதிகாரமற்ற ஒருவர் இவ்வளவு எளிதாக நுழைய முடிந்தது என் மனத்தை மிகவும் புண்படுத்தியது. நுழைந்தவர் பொறுப்பேற்றுக் கையொப்பமிட வேண்டும்.’

படித்துவிட்டு ஹிருத் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

டாக்டர் அவளைத் தட்டிக்கொடுத்தார். “கவலைப்படாதம்மா. பதினஞ்சு வருஷமா ஊடுருவல் பத்தியே எழுதறோம், உண்மையான ஊடுருவல் ஒண்ணுகூட கையில கெடைக்கல. நீதான் முதல்! ‘நான்தான் ஊடுருவினேன்’னு ஒரு கையெழுத்துப் போட்டுடு. அத உன் ஆய்வறிக்கையா ஏத்துக்கறோம். மூணு கிரெடிட்டும் உனக்குத்தான்.”

அவள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“டோரின், முதல் நாளே உங்ககிட்டதான் சொன்னேன். மாத்தும்போதும் நீங்க பக்கத்துலதான் நின்னீங்க. ‘இந்தப் பொண்ணு திருடனத்தான் வெளிய தள்ளுச்சு’ன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்களேன்.”

எழுதியிருக்கலாம். ஒன்றரை நிமிடம்கூட ஆகியிருக்காது. எனக்கு வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

“கருத்து எழுதற அதிகாரம் எனக்கு இல்லையே கண்ணு” என்றேன்.

அவள் கையெழுத்துப் போட்டாள். அதன் கீழே சாட்சிக்கு ஓர் இடம் விட்டிருந்தார்கள். சாட்சிக் கையெழுத்து என் வேலை விவரத்தில் இருக்கிறது. போட்டேன், கோப்புக்காக ஒரு பிரதி ஸ்கேன் செய்தேன்.