பாதகம் நான்கு: வெளிச்சம் குறைவு

யோசிக்காமல் காரியம் செய்கிறவர்கள் ஏதாவது ஒரு பள்ளத்தில் போய் விழுவார்கள். நன்றாக யோசித்துச் செய்கிறவர்கள் நாலு பள்ளங்களை ஒப்பிட்டுப் பார்த்து, இருப்பதில் நல்ல பள்ளமாகத் தேர்ந்தெடுத்து விழுவார்கள். நான் இரண்டாவது ரகம்.

எங்களுக்கு எரியோடு ஊர்ப் பக்கம் மல்லிகைத் தோட்டம். அப்பா கையெழுத்துப் போடுவார். அம்மாவுக்கு அதுவும் வராது. நான் எம்.எஸ்சி. கணிதம். (இதை முதல் வரியிலேயே சொல்லாமல் இவ்வளவு நேரம் பொறுத்ததே எனக்குப் பெரிய அடக்கம்.) படிப்பை முடித்த புதிதில், வெங்காயத்தை எந்தக் கோணத்தில் வெட்டினால் கண் எரியாது என்று அம்மாவுக்கு விளக்குவேன். நான் விளக்கி முடிப்பதற்குள் அம்மா குழம்பே தாளித்திருப்பாள்.

அப்போதுதான் அந்த நேர்காணல் வந்தது. சென்னையில் ஒரு நிறுவனம், குழந்தைகளுக்கு இணையத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வீடியோவில் பேச வேண்டும். சித்தப்பா ஏற்கெனவே வேடசந்தூரில் ஒரு மாப்பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தார். "படிக்க வச்சது போதும்ணே, தை பொறந்ததும் முடிச்சு விட்ருவோம்" என்று அவர் சொல்லும்போதெல்லாம் அப்பா செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொள்வார். கடைசியில் அப்பா எனக்கொரு வாக்குக் கொடுத்திருந்தார். "இந்த வேலை மட்டும் அமையட்டும்த்தா. ரெண்டு வருசத்துக்கு எவனும் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டான். நான் பாத்துக்கிறேன்."

ஆக, வேலை அல்லது வேடசந்தூர்.

என் போனின் திரையோ சிலந்தி வலை போல விரிசல் விட்டுக் கிடந்தது. லேப்டாப் வாங்க வழியில்லை. திண்டுக்கல்லில் இருந்த தோழியிடம் ஒரு மணி நேரம் இரவல் கேட்டிருக்கலாம். படித்தவள் இரவல் கேட்பதா என்று மறுத்துவிட்டேன். மிச்சம் இருந்தது, விலை குறைந்த ஒரு சின்ன டேப்லெட்.

அதன் சாதக பாதகங்களை நான் அலசிய அலசலில் ஒரு முனைவர் பட்டமே வாங்கியிருக்கலாம். திண்டுக்கல் கடைக்கு மூன்றாவது முறை அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனபோது கடைக்காரர் கல்லாவிலிருந்து எழுந்தே வந்துவிட்டார்.

"ஏம்மா, மாப்ள பாக்கக்கூட இம்புட்டு விசாரிக்க மாட்டாக."

"மாப்ளைக்கு வாரண்டி கெடையாதுல்ல, அதான் இதையாச்சும் விசாரிக்கிறேன்" என்றேன். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

சாதகம்: போனைவிடப் பெரிய திரை. சிம் போடலாம். கைப்பையில் அடங்கும். நாளைக்கு வேலை கிடைத்தால் இதிலேயே பாடமும் நடத்தலாம். பாதகம் ஒன்று, நினைவகம் குறைவு. இரண்டு, சார்ஜ் ஏறுவதற்குள் ஒரு தூக்கம் போடலாம். மூன்று, ஒரே பக்கம்தான் ஸ்பீக்கர். நான்கு, வெளிச்சம் போதாவிட்டால் முன்பக்கக் கேமராவில் படம் இருண்டுவிடும். ஐந்து, வெயிலில் வைத்தால் சூடாகி நின்றுவிடும். பஸ்ஸில் வரும்போது எல்லாவற்றையும் அப்பாவுக்கு விளக்கினேன்.

"படம் தெரியும்ல?"

"தெரியும்ப்பா."

"பேச்சு கேக்கும்ல?"

"கேக்கும்."

"அப்புறம் எதுக்குத்தா மூணு நடை நடந்தோம்?"

படிக்காதவர்களின் பிரச்சினையே இதுதான் என்று நினைத்துக்கொண்டேன். வியாழக்கிழமை சாயங்காலம் தோழியைக் கூப்பிட்டுச் சோதித்துப் பார்த்தேன். படம் கண்ணாடி மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை. அப்பா தண்ணீர் பாய்ச்சுவதை விட்டுவிட்டு மோட்டாரை நிறுத்தினார், சத்தம் வரக்கூடாதாம். வேலை அமைந்தால் முதலில் கேள்விப்படவும், அமையாவிட்டால் முதலில் சொல்லவும் சித்தப்பா வந்து உட்கார்ந்துவிட்டார். அம்மா விடியற்காலையிலேயே தலைக்குக் குளித்து, சாமி கும்பிட்டு, விபூதியோடு வந்து என் நெற்றியில் பூசினாள். அரிசி டப்பாவில் டேப்லெட்டைச் சாய்த்து வைத்து, பத்து மணிக்கு அழைப்பை எடுத்தேன்.

"பாண்டிச்செல்வி, உங்க வீடியோ ஆன் பண்ணுங்க" என்றார் அந்த மேடம்.

"ஆன்லதான் இருக்கு மேடம்."

"எங்களுக்கு இருட்டாத் தெரியுதே."

திரையின் மூலையில் எனக்கான கட்டத்தைப் பார்த்தேன். அங்கே நான் இல்லை. அமாவாசை இருந்தது. வேறு யாராக இருந்தாலும் பதறியிருப்பார்கள். நான் பதறவில்லை. உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமைகூட. பாதகம் நான்கு! நான்தான் முன்கூட்டியே கண்டுபிடித்தேனே.

"சாரி மேடம், இங்க வெளிச்சம் கொஞ்சம் கம்மி" என்று டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அம்மா நாற்காலியோடு பின்னால் வந்தாள். சித்தப்பா தன் போனில் டார்ச்சை அடித்து என் மூக்குக்கு நேராகப் பிடித்தார்.

"இப்ப தெரியுதா மேடம்?"

"இல்லம்மா. சரி, பேசுங்க. யோசிச்சு ஒரு முடிவு எடுத்த அனுபவம் ஏதாவது சொல்லுங்க."

கடவுளே வினாத்தாளைக் கசியவிட்டதுபோல இருந்தது எனக்கு. டேப்லெட் வாங்கிய கதையைத் தொடங்கினேன். எதை எதோடு ஒப்பிட்டேன், ஏன் இதையே தேர்ந்தெடுத்தேன், இதன் கேமரா ஏன் போதுமானது... பேசிக்கொண்டே வெளிச்சம் தேடித் தோட்டத்துப் பக்கம் நடந்தேன். போதுமான அந்தக் கேமராவில் என் முகம் மட்டும் வரவே இல்லை. பின்னால் நாற்காலியோடு அம்மா, டார்ச்சோடு சித்தப்பா, வெறுங்கையோடு அப்பா. தூரத்திலிருந்து பார்த்தவர்கள் ஏதோ சாமி புறப்பாடு என்றுதான் நினைத்திருப்பார்கள்.

மல்லிகைப் பாத்திக்கு நடுவே, உச்சி வெயிலுக்குப் பங்காளியான அந்தக் காலை வெயிலில் டேப்லெட்டை நேராகத் தூக்கிப் பிடித்தேன்.

"இப்ப மேடம்?"

"இப்ப... ஆரஞ்சு கலரா ஏதோ தெரியுது."

"அது நான்தான் மேடம்."

"முகத்தைக் காட்டறதுல உங்களுக்கு ஏதும் தயக்கமாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். கையில் சுட்டது. திரை அணைந்தது. பாதகம் ஐந்து.

பொத்தானை அழுத்தினேன், உசுப்பினேன், கெஞ்சினேன். அது செத்த மீன் மாதிரிக் கிடந்தது. அந்தக் கருப்புத் திரையில் என் முகம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. காலையிலிருந்து அதன் வழியாக என் முகம் தெரிந்தது அப்போதுதான். உச்சந்தலைக்கு நேராகச் சிவப்பாக ஒரு பொட்டு. தொட்டுப் பார்த்தேன். என் தலையில் ஒன்றுமில்லை. டேப்லெட்டின் மேல்விளிம்பில், சரியாக நடுவில், கேமரா மேல், காய்ந்த சந்தனமும் அதன்மேல் அப்பிய குங்குமமும்.

எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் வெள்ளிக்கிழமை குளித்துவிட்டுப் பொட்டு வைப்பது அம்மாவின் வழக்கம். கிரைண்டருக்குப் பொட்டு, பிரிட்ஜுக்குப் பொட்டு, மோட்டார் பெட்டிக்குப் பொட்டு, மருந்தடிக்கும் பம்புக்கும் பொட்டு. பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பொட்டில்லாத பொருள்தான் உறுத்தும். அதனால்தான் அத்தனை நேரம் அதைக் கையில் வைத்திருந்தும் எனக்குத் தெரியவில்லை.

"ஏம்மா இங்க வச்ச?"

அம்மாவுக்கு என்ன தப்பு நடந்தது என்றே புரியவில்லை. "நெத்தியிலதானடி வச்சேன். அங்கன வட்டமா சின்னதா எடம் விட்டிருந்துச்சு. பொட்டு வைக்கத்தான் விட்டிருக்காகன்னு நெனச்சேன்."

மோட்டார் அறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. அதைவிட மோசமாக, பாதகங்கள் மனதில் வரிசையாக ஓடின. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. மூன்று நடை நடந்து, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து வாங்கியவளுக்கு, பிறந்ததிலிருந்து கூடவே இருக்கும் அம்மாவின் வெள்ளிக்கிழமை நினைவுக்கு வரவில்லை. அம்மா முந்தானை நுனியை எச்சிலில் நனைத்து அந்த இடத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்கத் துடைக்கக் குங்குமம் இன்னும் பரவியது. அப்பா போய் மோட்டாரைப் போட்டார். அந்தச் சத்தம்தான் எனக்கான தீர்ப்பு மாதிரி இருந்தது.

டேப்லெட் ஆறி உயிர் பெற்றபோது கம்பெனிக்காரர்கள் அழைப்பிலிருந்து போய்விட்டிருந்தார்கள். திரும்பத் திரும்ப அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை. மறுநாள் மின்னஞ்சல் வந்தது. குழந்தைகளுக்குப் பாடம் நடத்துபவர் முகம் காட்டிப் பேசத் தயங்காதவராக இருக்க வேண்டும் என்று மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

அடுத்த சில வாரங்களை நான் நினைக்க விரும்புவதில்லை. சித்தப்பா டார்ச் பிடித்த கதையை எரியோட்டிலிருந்து வேடசந்தூர் வரை ஒரு டீக்கடை விடாமல் சொன்னார். சந்தைக்குப் போனால் முகம் தெரியாதவர்கள்கூட என் முகத்தை உற்றுப் பார்த்தார்கள். கதை போகப் போகக் கால் கை முளைத்து, மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேரும்போது வேறு கதையாகிவிட்டிருந்தது. "பொண்ணு யாருக்குமே மொகத்தக் காட்ட மாட்டேங்குதாமே, எதுவும் கோளாறா?" என்று கேட்டு அவர்களாகவே விலகிக்கொண்டார்கள். சித்தப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். கடைக்காரரோ நானோ யோசித்தே பார்க்காத சாதகம் அது. ஆனால் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவளுக்கு அதைக் கொண்டாடத் தெம்பில்லை.

அதற்குப் பின் ஒரு வருடத்துக்கும் மேலாகப் பல கதவுகளைத் தட்டி, திண்டுக்கல்லில் ஒரு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. டேப்லெட்டில் இப்போது அப்பா பூ விலை கேட்கிறார். கத்தரிக்காய் வாங்கப் போனாலும், "சாதகம் பாதகம் பாத்தியாத்தா?" என்று கேட்காமல் பையைக் கொடுக்க மாட்டார்.

அலுவலகத்தில் கொடுத்த லேப்டாப்பை முதன்முதலாக வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரு வியாழக்கிழமை. மறுநாள் காலை நான் குளித்துவிட்டு வந்தபோது, அம்மா மூடிய லேப்டாப்பின் முன் சந்தனக் கிண்ணத்தோடு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரமாகவோ தெரியவில்லை, விரலில் எடுத்த சந்தனம் காய்ந்து போயிருந்தது.

"ஏம்மா சும்மா உக்காந்திருக்க?"

"நீ வரட்டும்னுதான். இதுக்குக் கண்ணு எங்கடி இருக்கு?"

திறந்து காட்டினேன். அம்மா அதை நன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டாள். பிறகு மூடி, மேல்மூடியின் நட்டநடுவில் பெரிதாகப் பொட்டு வைத்தாள்.

அலுவலகத்தில் எத்தனை லேப்டாப்புகள் வரிசையாக இருந்தாலும் என்னுடையது எது என்று யாரும் கேட்பதில்லை.