முன்னால நீங்க போங்க

விடிகாலை ஐந்தரைக்கு ஓட்டின் மேல் மழை விழும் சத்தம் கேட்டதும் நஞ்சுண்டன் படுக்கையிலிருந்தே கையெடுத்துக் கும்பிட்டார். இன்றைக்குச் சைக்கிள் பயணம் இல்லை, தப்பித்தோம் என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

எல்லாம் பெண் பார்க்க வந்த அன்று ஆரம்பித்த வினை. மகள் லோகப்பிரியாவைப் பார்க்க மாப்பிள்ளை மனோஜ்குமாரோடு அவன் அப்பா சென்னியப்பன் வெள்ளக்கிணற்றிலிருந்து வந்திருந்தார். வாசலில் நின்ற மகளின் சைக்கிளைப் பார்த்து, ஓட்டுவீங்களா என்று மரியாதைக்குக் கேட்டு வைத்தார். வந்தவரிடம் இல்லை என்று சொல்ல நஞ்சுண்டனுக்கு வாய் வரவில்லை. "ஓட்டுவனுங்க" என்றார்.

"நானுந்தானுங்க" என்றார் சென்னியப்பன்.

பேச்சு வளர்ந்து, நிச்சயத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை துடியலூரிலிருந்து காரமடை கோயில் வரை இருவரும் சைக்கிளிலேயே போவதென்று முடிவாகிவிட்டது.

நஞ்சுண்டன் வாழ்க்கையில் சைக்கிளைத் தொட்டதே இல்லை. வயசுப்பையனாக இருந்தபோதே நேராக மொபெட்டில் ஏறிவிட்ட மனிதர். பெரியவர்களுக்குச் சைக்கிள் பழக்கித் தருகிற கடைக்காரர் இல்யாஸைப் பிடித்து, யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, மூன்று வாரமாகச் சாயந்திரம் சாயந்திரம் விழுந்து எழுந்தார். முழங்கையில் தோலே மிச்சமில்லை. ஐம்பத்து நாலு வயதில் இது தேவையா?

மழையில் பயணம் வேண்டாமென்று எதற்கும் வாய்விட்டுச் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தார். மனைவி பழனியாத்தாள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நிச்சயத்துக்கு முன்னாடி நம்ம வாயில வேண்டாம்ங்கற வார்த்தையே வரக்கூடாதுங்க. பொண்ணு ஊட்டுக்காரங்க பின்வாங்கறாங்கன்னு நெனச்சுப்போட்டா?"

கதவோரம் நின்ற லோகப்பிரியா அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பையனை அவளுக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சரி, வேண்டாம் என்பதைச் சென்னியப்பன் வாயாலேயே சொல்ல வைப்போம் என்று கூப்பிட்டார்.

"மழை பேயுதுங்க."

"ஆமாங்க. நல்லாவே பேயுதுங்க."

"நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படிங்க."

"அட, நீங்க சொல்றதுதானுங்க."

ஐந்து நிமிஷம் இப்படியே போனது. உங்களுக்குச் சளி பிடித்துக்கொள்ளுமே என்று நஞ்சுண்டன் அக்கறை காட்டிப் பார்த்தார்.

"எனக்கென்னங்க, வாரனுங்க" என்று விறைப்பாக வந்தது பதில். அக்கறை ரோஷத்தைக் கிளப்பிவிட்டது.

மேட்டுப்பாளையம் ரோடு வாய்க்காலாக ஓடிக்கொண்டிருந்தது. ரெயின்கோட்டு போட்டால் நனைய மாட்டோம் என்று நஞ்சுண்டன் போட்டார். அதன் வால் செயினில் சிக்கி இழுத்தது. அதைக் கழற்றி எறிந்தார். கண்ணுக்குள் தண்ணீர் கொட்டி வழியே தெரியவில்லை. அதற்கு நடுவிலும் மரியாதைக்குக் குறைவில்லை. முன்னால நீங்க போங்க என்று இவர் சொல்ல, இல்லீங்க நீங்க போங்க என்று அவர் சொல்ல, பத்து நிமிஷம் நின்ற இடத்திலேயே நனைந்தார்கள். கடைசியில் சென்னியப்பன் அரை மனதாக முன்னால் போனார்.

பெரியநாயக்கன்பாளையம் தாண்டி ஒரு இறக்கம். சென்னியப்பன் திடீரென்று இரண்டு காலையும் ஊன்றி நின்றார். நஞ்சுண்டன் பிரேக்கைப் பிடித்தார்; நனைந்த பிரேக் பிடிக்கவில்லை. நேராகப் போய் மோதினார். வருங்காலச் சம்பந்தி சைக்கிளோடு சாக்கடையில் தலைகுப்புற விழ, அவர் மேலேயே இவரும் விழுந்தார்.

மூக்கு வரைக்கும் சேறாக எழுந்த சென்னியப்பன் முகத்தை வழித்து உதறினார். கல்யாணம் போச்சு. மகள் முகத்தில் எப்படி முழிப்பது? நஞ்சுண்டன் சற்றுத் தள்ளிப் போய் இல்யாஸுக்குப் போன் போட்டு, சரக்கு ஆட்டோவை எடுத்துக்கொண்டு உடனே வரச் சொன்னார். அந்தப் பக்கம் திரும்பி நின்று சென்னியப்பனும் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தரு வண்டியோட வாராருங்க" என்றார் நஞ்சுண்டன், தலையை நிமிர்த்தாமல்.

"எனக்கும் ஒருத்தரு வாராருங்க" என்றார் சென்னியப்பன், அவரும் நிமிர்த்தாமல்.

அரை மணி நேரத்தில் ஒரே ஒரு சரக்கு ஆட்டோதான் வந்தது. குடையோடு இறங்கிய இல்யாஸ், சேறும் சகதியுமாக நின்ற இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துத் திகைத்துப் போனார். அப்புறம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் சேந்துதான் போறீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, காலைல அவருக்கும் சாயந்திரம் உங்களுக்கும்னு மூணு வாரமாத் தனித்தனியாப் பழக்கியிருக்க மாட்டேனுங்களே!"