பனிக்குள் பேசிய அம்மையார்

அந்தச் சனிக்கிழமை என் மனைவிக்குத் தெரியாமல் கடலைப் பார்த்தே தீருவது என்று முடிவு செய்தேன். கல்யாணத்துக்குப் பிறகு நானாக எடுத்த முதல் முடிவு அது.

மயிலம் பக்கத்தில் மாமியாருக்கு ஒரு கொல்லை நிலம். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கும் நேரம். மாப்பிள்ளையும் உட்கார்ந்து செடியிலிருந்து காய் ஆய்ந்தால்தான் அந்த வீட்டில் மரியாதை. மனைவி அருள்ராணி முந்தின நாளே கிளம்பிவிட்டாள். "விழுப்புரம் ஆபீஸ்ல அர்ஜென்ட் வேலை" என்றேன். "சரிங்க" என்றாள். அவள் எதற்கும் உடனே சரி சொன்னதில்லை. அப்போதே எனக்கு முதுகு சில்லிட்டிருக்க வேண்டும்.

நான் எங்கே இருக்கிறேன் என்பதை அவள் தன் போனிலேயே பார்ப்பாள். அதில் நான் ஒரு நீலப் புள்ளி. ஆகவே புள்ளியை மட்டும் ஆபீசுக்கு அனுப்பினேன். கூட வேலை பார்க்கும் சீனுவாசன் விடியற்காலையில் திண்டிவனத்தில் பஸ் ஏறும்போது என் போனை அவர் கையில் திணித்தேன்.

"என்னா வளன், நீ வரலியா?"

"என் போன் வருது சார். பத்திரமா டேபிள்ல வெச்சிடுங்க."

"வூட்டுக்காரம்மா கூப்ட்டா?"

"எடுக்காதீங்க. மீட்டிங்னு நெனைச்சிக்கும்."

எனக்கு வழி தெரியாது. எப்போதும் பைக்கில் பின்னால் உட்கார்ந்து அருள்ராணிதான் சொல்வாள். அதனால் அலமாரியிலிருந்த அவளுடைய பழைய போனை எடுத்து மேப்பில் 'பொம்மையார்பாளையம்' என்று தட்டினேன். அந்தக் கடற்கரை ஊரில் நண்பன் சவரிராயன் வஞ்சிரத்துக்கு மசாலா தடவிவிட்டுக் காத்திருந்தான். ஹெல்மெட்டுக்குள் ஒரு பெண்குரல், "நேராகச் செல்லவும்" என்றது. 'செல்லவும்'! என் வீட்டில் 'போய்த் தொலைங்க' மட்டும்தான் உண்டு. உடம்பு சிலிர்த்தது.

ஊரைத் தாண்டியதும் மாசிப் பனி இறங்கியது. முன் சக்கரமே தெரியவில்லை. பனைமரங்கள் திடீர் திடீரென்று ஆள் மாதிரி எதிரே வந்து நின்றன.

"இடதுபுறம் திரும்பவும்."

திரும்பினேன். தார் முடிந்து மண் வந்தது. மண்ணும் முடிந்து ஏரிக்கரை வந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர் மூச்சு விடுவது கேட்டது. ஒரு நாய் என்னைப் பார்த்தது. குரைக்கவில்லை. பார்த்துவிட்டுப் பின்வாங்கியது.

"அம்மா, இது கடலுக்குப் போற வழிதானா?" என்று வாய்விட்டே கேட்டேன்.

"நேராகச் செல்லவும்."

நேராகத் தண்ணீர் இருந்தது. கரை வளைந்ததால் பிழைத்தேன். அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. படக். படக். யாரோ எலும்பை ஒவ்வொன்றாக ஒடிக்கிற மாதிரி. நடுவில் பெண்களின் சிரிப்பு. பனிக்குள் முக்காடு போட்ட உருவங்கள், தரையில் வட்டமாக. நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

"நீங்கள் சேருமிடம் வந்துவிட்டது."

ஒரு உருவம் எழுந்து என்னை நோக்கி வந்தது. முக்காட்டை விலக்கியது.

"என்னாங்க, நீங்க விக்கிரவாண்டி தாண்டிப் போய்க்கினு இருக்கீங்களே! இங்க எப்படி வந்தீங்க?"

அருள்ராணி! கையில் போன். அதில் நீலப் புள்ளி சமர்த்தாக விழுப்புரம் போய்க்கொண்டிருந்தது. வட்டத்தில் மாமியாரும் அக்கம்பக்கத்துப் பெண்களும் செடியிலிருந்து மல்லாட்டையைப் படக் படக்கென்று ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அது மாமியாரின் கொல்லை; நான் வந்தது அதன் பின்பக்கத்து வழி.

"நான்... பொம்மையார்பாளையம்னு போட்டேனே!"

"மேப்ல எந்த எடத்துக்கும் நாமளே பேரு வெச்சிக்கலாம்ங்க. நம்ம கொல்லைக்கு அந்தப் பேர வெச்சேன். உங்க போன வேற எங்கயாவது உட்டா பழைய போனத்தான எடுப்பீங்க, அதுலயும் என் கணக்குதான? அங்கயும் அதான் மொதல்ல வரும்."

"நான் கடலுக்குப் போறேன்னு உனக்கு யாரு சொன்னா?"

"சவரிராயன் அண்ணன் சம்சாரம். மீன் கழுவறவங்களுக்குத் தெரியாதா, எத்தினி பேரு வர்றாங்கன்னு?"

"மாப்ளய நிக்க வெச்சே பேசிக்கினு இருக்க" என்று மாமியார் கோணியை உதறிப் போட்டார்.

உட்கார்ந்தேன். அருள்ராணி பைக் சாவியை என் விரலிலிருந்து மெதுவாக உருவினாள். அவள் தங்கை ஜெர்லின் அதற்குள் ஹெல்மெட்டை மாட்டியிருந்தாள்.

"எங்க போறீங்க?"

"மீனு ரெண்டு பேருக்கு ஊறிக்கினு இருக்குதாம். வீணாக்கக் கூடாதில்ல? நானும் இவளும் கடலப் பாத்துட்டு வந்துடறோம்."

பைக் சத்தம் தேய்ந்தது. பனி விலகியது. நான் ஆய வேண்டிய குவியல் அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது.