மோப்பம் சாரின் காய்கறிக் கொள்கை

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை உள்ள ஆலைகளில் தரம் பார்க்கும் கருவிகள் ஆயிரம் இருந்திருக்கலாம். எங்கள் மோப்பம் சாரின் மூக்குக்கு ஈடாக ஒன்றுகூட இருந்ததில்லை என்று எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். இருங்காட்டுக்கோட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில் நான் லைன் ஆபரேட்டர். அவர் கேன்டீன் பொறுப்பாளர். நிஜப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும். காலையில் வந்திறங்கும் காய்கறியை மூக்கில் வைத்து உறிஞ்சிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். வெண்டைக்காய்க்கு ஒரு உறிஞ்சு, காலிஃபிளவருக்கு மூன்று.

ஒருநாள் ஒரு வண்டிக் கத்தரிக்காயைத் திருப்பி அனுப்பிவிட்டார். மதியம் மொத்த ஷிப்டுக்கும் வெறும் ரசம் சாதம். தட்டுகள் தாளம் போட, மேனேஜர் பாய்ந்து வந்தார்.

"கத்தரிக்காய்ல என்னய்யா குறை?"

"மருந்து நாத்தம் கொடலைப் பொரட்டுது சார். ஒரு போல்ட்டுக்கு நாலு செக்கிங் வெச்சுகினு கீறீங்க. வவுத்துக்குள்ள போறதுக்கு ஒண்ணுகூட வாணாமா?"

நல்ல காய்க்கு வழி பண்ண மேனேஜர் ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார். மோப்பம் சார் சைக்கிளில் வல்லம் வடகாலுக்குப் போய்க் கண்ணம்மாவைப் பிடித்தார். ரசாயனத்தை விட்டுவிட்டுச் சாண எருவும் வேப்பங்கொட்டைக் கரைசலுமாகப் பயிர் செய்த அந்த அம்மாளின் காயைச் சந்தையில் சீந்துவார் இல்லை.

"பூச்சி கடிச்ச காய யாருங்க வாங்குவா?"

"பூச்சியே தொடாத காய மனுசன் ஏம்மா துன்னணும்? சொத்தையத் தள்ளிட்டு அனுப்பு."

காய் வந்தது. கூடவே ஓர் அட்டையும் சாப்பாட்டுக் கூடச் சுவரில் ஏறியது. ஆலையின் தரக்கொள்கை ஆங்கிலத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்க, அதன் பக்கத்திலேயே ஸ்கெட்ச் பேனாவில் இவருடைய கொள்கை: 'மண் சாகக் கூடாது. கிணற்றில் விஷம் இறங்கக் கூடாது. வயலில் நிற்பவர் கை புண்ணாகக் கூடாது. சாப்பிடுகிறவர் வயிறு கெடக் கூடாது. பலன் ஊருக்கே.'

படித்துப் படித்துச் சிரித்தோம். அப்புறம் தரச் சான்றிதழுக்காக ஆடிட்டர் வந்தார். நேராக என்னிடம் வந்து நின்று, "உங்கள் ஆலையின் கொள்கை என்ன?" என்றார். இரண்டு வாரம் மனப்பாடம் செய்த ஆங்கிலம் ஆவியாகிவிட்டது.

"மண் சாகக் கூடாது சார்" என்று ஆரம்பித்து, ஊர்ப் பலன் வரை ஒப்பித்துவிட்டேன். மேனேஜர் முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போனது.

ஆடிட்டர் சிரிக்கவில்லை. "எழுதினால் போதுமா? ஆதாரம்?"

மோப்பம் சார் கரண்டியோடு ஆலை ஜீப்பில் ஏறி, அவரை வயலுக்கே அழைத்துப் போனார். நானும் பின்னால் தொற்றிக்கொண்டேன். கண்ணம்மா கிணற்றிலிருந்து ஒரு சொம்பு மொண்டு நீட்டினார்.

"மருந்து அடிச்ச காலத்துல மாட்டுக்குக்கூட இதக் காட்ட மாட்டேன் சார். இப்ப தெருவே எடுத்துகினு போவுது."

ஆடிட்டர் சொம்பைக் காலி செய்தார்.

மாலைக் கூட்டத்தில், "தொழிலாளிக்குப் புரிந்த கொள்கை இங்கே இது ஒன்றுதான். இதை அரசாங்கமே எழுதினால் நாட்டுக்கு நல்லது" என்றார் அவர். கைத்தட்டலில் ஷெட் அதிர்ந்தது. மோப்பம் சார் கூச்சத்தில் நெளிந்தார். "நான் இன்னா சார் பண்ணேன்? பாடுபட்டது அந்தம்மா."

ஆலைக்குச் சான்றிதழ் கிடைத்தது. கண்ணம்மாவைப் பார்த்து அடுத்த வயல்காரர்கள் இருவரும் மருந்தை விட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்திலிருந்து திருநெல்வேலிக்குப் பேசினேன். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேனா என்று அம்மா வழக்கம்போலக் கேட்டாள்.

"நல்ல மனுசன் கையால சாப்பிடுதேம்மா" என்றேன். "நீ வெசனப்படாத."