கம்பித் தெரிவுக் குழு

கிட்டார்க் கம்பியின் தடிப்பைக் கையுயர்த்தி வாக்களித்துத் தீர்மானித்த முதல் நகரம் என்ற பெருமை எங்கள் பதுளைக்கே உரியது. வேறு ஊர் எதுவும் உரிமை கோரினால் மறுபடி சரிபார்க்கத் தயார். சரிபார்த்த பிறகும் சந்தேகப்படுவது என் வழக்கம்.

எங்கள் மாலைநேர இசை வகுப்பை ஒரு கலை வளர்ச்சிச் சங்கம் நடத்துகிறது. தலைவர் புவனேந்திரன் ஐயா, பஜாரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர். செயலாளர் சந்திரகாந்தி டீச்சர். இருவருக்கும் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆகவே பாரபட்சமின்றி முடிவெடுக்க வல்லவர்கள்.

முடிவெடுக்கும் தேவை சிவானுஜாவால் வந்தது. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துப் பெண். பகலில் துணிக்கடையில் வேலை, மாலையில் என் பக்கத்து நாற்காலி. சங்கத்தின் சார்பில் பாடி, மாகாணப் போட்டியின் இறுதிச் சுற்றுக்குத் தெரிவாகியிருந்தாள். தானே வாசித்துப் பாட வேண்டும் என்பது விதி. கட்டார் நாட்டில் வேலை பார்க்கும் அண்ணன் அனுப்பிய அவளுடைய கிட்டார் வழக்கத்தைவிடக் கழுத்து நீண்டது. குரலோ உயர்ந்தது. அதற்காகக் கம்பிகளை ஒரு சுரம் கூட்டிக் கட்டியாக வேண்டும்.

நீளமான கம்பிக்கு இழுவை அதிகம். சுருதி கூட்டினால் இன்னும் அதிகம். எனவே மெல்லிய கம்பி வேண்டும் என்று நான் கணக்குப் போட்டுச் சங்கத்தில் சொன்னேன். கடைகளில் 'பத்து' என்று கேட்டு வாங்கும் மெல்லிய செட் போதும் என்றாள் சிவானுஜா. புவனேந்திரன் ஐயா நெடுநேரம் கண்மூடியிருந்தார். அது சிந்தனையாகவும் இருக்கலாம்.

"இந்தா பாரும்மா, ஒங்கம்மா கொழுந்துக் கூடைய எதுல கட்டித் தூக்குறாங்க? தடிச்ச கயித்துல. மெலிசா இருந்தா தலைய அறுத்துப்புடும். பாரம் கூடுனா கயிறும் தடிக்கணும்."

ஒருநாளும் கூடை சுமக்காத தலையில் உதித்த இந்தத் தத்துவத்தைச் சபை மேசை தட்டி வரவேற்றது.

"கயிறு பாரத்தத் தாங்குதுங்க. கம்பி கிட்டாரையே இழுக்குதுங்க," என்றாள் சிவானுஜா.

"பத்து, படிக்கிற புள்ளைங்களுக்கு," என்றார் டீச்சர். "மேடை ஏறுறவளுக்குத் தடிச்ச பதிமூணு. அதான் மரியாதை."

கம்பிகளை மாற்றாமல் கிட்டாரின் கழுத்தில் ஒரு கிளிப் மாட்டியே சுருதியைக் கூட்டலாமே என்றேன். மேடையில் கழுத்தை நெரிப்பது அபசகுனம் என்று அது நிராகரிக்கப்பட்டது. எல்லோரும் என்னையே பார்த்தபோது என் கணக்கு எனக்கே தவறாகப் பட்டது. தலைகீழாகப் போட்டுவிட்டேனோ? திரும்பப் போட்டுப் பார்ப்பதற்குள் பதின்மூன்று 'ஏகமனதாக' நிறைவேறிவிட்டது. சிவானுஜாவுக்கு வாக்கு இல்லை. அவள் 'பயனாளி'. மறுத்தால் போட்டியிலிருந்து அவள் பெயரை எடுத்துவிடுவதாக அன்போடு நினைவூட்டினார்கள்.

போட்டியன்று காலை, நல்ல நேரம் பார்த்து, வெற்றிலைத் தட்டில் வந்த தடித்த கம்பிகளைத் தலைவரே மாட்டிவைத்தார். மேடைக்குப் பின்னால் அவள் சுருதி கூட்டினாள். ஐந்து கம்பிகள் ஏறின. ஆறாவது ஏறும்போதும் கம்பி அறவில்லை. அந்த மட்டில் தலைவரின் கூற்று மெய்யாயிற்று. கம்பிகளைப் பிடித்திருந்த கட்டைதான் பலகையைப் பெயர்த்துக்கொண்டு எழுந்தது.

அவளுடைய பெயரை அழைத்தார்கள். இன்னொரு முறை அழைத்தார்கள். பிறகு அடுத்தவர் பெயரை அழைத்தார்கள்.

சங்கம் அவசரமாகக் கூடியது. கம்பி அறாததற்காகத் தெரிவுக் குழுவுக்குப் பாராட்டும் தலைவருக்குப் பொன்னாடையும் வழங்கப்பட்டன. மூலகாரணமும் ஆராயப்பட்டது. அவள் அவ்வளவு உயரத்தில் பாடாதிருந்தால் சுருதியைக் கூட்டியிருக்கவே வேண்டாம் அல்லவா? ஆகவே, மலையகத்தின் குரலை உலகறியச் செய்யவென்றே தோன்றிய எங்கள் சங்கம், தோட்டத்துப் பிள்ளைகள் இனிக் குரலைத் தாழ்த்தியே பாட வேண்டும் என்று தீர்மானித்தது.

"ஏதாச்சும் சொல்றியாம்மா?" என்றார் தலைவர், பொன்னாடையைச் சரிசெய்தபடி.

பெயர்ந்த கட்டையை மடியில் வைத்திருந்த சிவானுஜா எழுந்தாள்.

"கொரலக் கொறச்சுக்கன்னு தோட்டத்துத் தொரமாரும்தான் சொன்னாங்க. ஆனா அவங்க அத எங்களுக்குச் செய்ற சேவைன்னு சொன்னதில்லீங்க."