ஐந்து நிமிட வேலைக்காரர்

ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும் வேலை என்று உலகத்தில் ஒன்றுமே கிடையாது என்று நம்பும் ஓர் இனம் நம்மிடையே நடமாடிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கும் அவரைத் தெரியும். உங்கள் வீட்டில் ஒருவர் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் இருப்பார். அங்கேயும் இல்லாவிட்டால் அலுவலகத்தில் உங்கள் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, உங்கள் கம்ப்யூட்டர் திறக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து உச்சுக்கொட்டிக்கொண்டிருப்பார். இவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் பத்துப் பேர் என்மேல் வழக்குப் போடுவார்கள்.

ஒரு வீட்டுக்குள் இவர் நுழையும் அழகே தனி. காய்ச்சலில் படுத்திருப்பவரைப் பார்க்க வந்திருப்பார்; கண் போவதோ மூலையில் இருக்கும் கம்ப்யூட்டரின் மேல். கட்டிலில் இருப்பவர் முனகுவார். இவர் கம்ப்யூட்டர் பெட்டியின் தலையைத் தடவிக்கொடுத்து, "என்னங்க, இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க்கா ஓட்டிக்கிட்டிருக்கீங்க?" என்பார். என்ன வியாதியாக இருந்தாலும் இவரிடம் மருந்து ஒன்றுதான். பிரின்டர் காகிதத்தைத் தின்கிறதா? எஸ்எஸ்டி போடுங்க. இன்டர்நெட் மெதுவா? எஸ்எஸ்டி போடுங்க. ஸ்பீக்கர் கரகரக்கிறதா? முதலில் எஸ்எஸ்டி போடுங்க, அப்புறம் பேசலாம்.

எஸ்எஸ்டி என்றால் என்னவென்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "பழைய ஹார்ட் டிஸ்க்குக்குள்ள தட்டு சுத்தும், அது சுத்தி முடிச்சுத் தேடறதுக்குள்ள நமக்கு வயசாயிடும். புதுசுல சுத்தறதே கிடையாது. கேட்ட உடனே டக்குனு எடுத்துக் குடுத்துடும்" என்று விரலால் காற்றில் தட்டுச் சுற்றிக் காட்டுவார். இதில் பொய் ஒன்றும் இல்லை, நிஜமாகவே வேகமாகத்தான் இருக்கும். அதுதான் ஆபத்து. முழுப் பொய் சொல்பவரிடமிருந்து தப்பிக்கலாம், இவரிடமிருந்து தப்பிக்க வழியே இல்லை.

எங்களுக்கு வாய்த்தவர் என் மனைவியின் அண்ணன். தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்ப்பவர்களுக்கு மேற்பார்வையாளர். அந்த வாரியத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? கேட்கத்தான் செய்வீர்கள். நானும் கேட்டிருக்க வேண்டும்.

என் மனைவி கட்டட வரைபடம் வரைபவள். பன்னிரண்டு வருடமாக இன்ஜினியர்களுக்கு வரைந்து கொடுக்கிறாள். ஒவ்வொரு தாளின் வலது கீழ் மூலையிலும் ஒரு சின்னக் கட்டம் உண்டு. வரைந்தவர் பெயர் அதில்தான் வரும். பன்னிரண்டு வருடமும் அந்தக் கட்டத்தில் வேறு யாரோ ஒருவர் பெயர்தான் வந்தது. போன வருடம் முதன்முறையாக ஒரு பள்ளிக்கூடத்துப் புதுக் கட்டடம் நேரடியாக இவள் கைக்கு வந்தது. நாற்பத்தாறு தாள், நான்கு மாத உழைப்பு, மூலைக் கட்டத்தில் இவள் பெயர். அந்தப் பெயரை முதல் தாளில் அடித்த அன்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள், "எழுத்து கொஞ்சம் பெருசா தெரியுதோ?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்துக்கொண்டாள். அத்தனை தாளும் முடிந்து, வரும் திங்கட்கிழமை காலை ஒப்படைக்க வேண்டும்.

அவள் கம்ப்யூட்டர் திறக்க நான்கு நிமிடம் ஆகும். சுவிட்சைப் போட்டுவிட்டுப் போய்ப் பாலை அடுப்பில் வைப்பாள். பால் பொங்கவும் திரை தெளியவும் சரியாக இருக்கும். இருவருக்கும் ஒத்துப்போய்விட்டது. யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

சனிக்கிழமை காலை மச்சான் வந்துவிட்டார். கையில் ஒரு பை. பையில் ஸ்க்ரூ டிரைவரும் ஒரு புது எஸ்எஸ்டியும்.

"திங்கக்கிழமை குடுத்துட்டு அப்புறமா பாத்துக்கலாம்ணா" என்றாள் என் மனைவி.

"அஞ்சு நிமிஷ வேலைம்மா."

"அவசரமா ஒண்ணும் இல்லையே."

"அவசரம் இல்லையா? திங்கக்கிழமை ஃபைல் அனுப்புற நேரத்துல இந்தக் கிழம் மண்டையப் போட்டுச்சுன்னா? அப்ப யாரைக் கூப்பிடுவ? அண்ணனைத்தான கூப்பிடுவ?"

கவனித்தீர்களா? முதலில் பயமுறுத்துவார், பிறகு உறவைக் கொண்டுவந்து நிறுத்துவார். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிய தங்கை எவளும் வேண்டாம் என்று சொன்னதாகச் சரித்திரம் இல்லை. அவள் என்னைப் பார்த்தாள். "பேக்கப் எடுத்துட்டு ஆரம்பிக்கட்டும். நீங்க எடுத்துடுறீங்களா?"

"இதோ" என்றேன். கம்ப்யூட்டர் திரையின் முகப்பில் 'பள்ளிக்கூடம்' என்ற ஃபோல்டர் இருந்தது. அதை இழுத்துப் பென்டிரைவில் போட்டேன். ஒரு நொடிகூட ஆகவில்லை.

"முழுசா வந்துடுச்சா?"

"வந்துடுச்சு, வந்துடுச்சு."

"ஒரு தடவை திறந்து பாத்துடுங்களேன்."

"இதைப் போய்த் திறந்து வேற பாக்கணுமா?" என்று பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவள் பால் வைக்கப் போய்விட்டாள்.

மச்சானின் சடங்கு ஆரம்பமாயிற்று. புது டிஸ்க் வந்த அட்டைப் பெட்டியில் மடித்து வைத்திருந்த விளக்கத் தாளை விரித்துக்கூடப் பார்க்காமல், "இதெல்லாம் தெரியாதவங்களுக்கு" என்று கசக்கி எறிந்தார். டீ குடித்த சாஸரில் ஸ்க்ரூக்களைப் போட்டார். பெட்டியின் பக்கவாட்டைத் திறந்து, கன்னம் உப்ப ஒரு ஊது ஊதினார். நான்கு வருடத்துத் தூசி அத்தனையும் எழுந்து அவர் மூக்கையே தேடி வந்தது. ஏழு தும்மல். ஒவ்வொரு தும்மலுக்கும் நடுவே எனக்கு உத்தரவு: "மாப்பிள்ளை, லைட்டை இப்படிப் புடிங்க. அட, அப்படி இல்ல, இப்படி." செல்போன் வெளிச்சத்தை நான் எப்படிப் பிடித்தாலும் அது அப்படியாகவே இருந்தது. இப்படியாகவே இல்லை.

பழைய டிஸ்க் இருந்தபடியே இருக்க, பக்கத்தில் புதியதை மாட்டினார். சாவிக்கொத்தில் எந்நேரமும் தொங்கும் தன் பென்டிரைவைச் செருகி, அதிலிருந்தே கம்ப்யூட்டரை ஓடவிட்டார். "முதல்ல புதுசைத் துடைச்சுக்கணும்" என்று அதைத் துடைத்தார். பிறகு பழைய டிஸ்க்கில் இருப்பதை அப்படியே புதியதில் நகலெடுக்கும் சாஃப்ட்வேரைத் திறந்தார். திரையில் இரண்டு கட்டம் வந்தது: இடப்பக்கம் எதிலிருந்து, வலப்பக்கம் எதற்கு. இரண்டும் ஒரே அளவு டிஸ்க்; பெயர்கள் வெறும் எண்கள். நின்று படிக்க வேண்டிய இடம். படிப்பாரா? திரையில் எழுத்து தோன்றும் முன்பே 'ஆம்' பொத்தான் எங்கே வரும் என்று அவர் விரலுக்குத் தெரியும். 'வலப்பக்கம் உள்ள டிஸ்க்கில் இருப்பவை அனைத்தும் அழிந்துவிடும். தொடரலாமா?' ஆம். 'நிச்சயமாகவா?' ஆம். 'இதைத் திரும்பப் பெற முடியாது. உறுதியா?' ஆமாய்யா ஆம்! கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டபோதுகூட மனுஷன் இரண்டு நாள் டைம் கேட்டவர்.

நாற்பது நொடியில் முடிந்துவிட்டது.

"பாத்தீங்களா மாப்பிள்ளை!" என்று தொடையைத் தட்டினார். "நாலு வருஷத்துச் சரக்கு, நாப்பதே செகண்ட்! இதான் எஸ்எஸ்டி!"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நானும் வாயைப் பிளந்தேன். "பிரமாதம் மச்சான்" என்றுகூடச் சொன்னேன். நான்கு வருடத்துச் சரக்கு நாற்பது நொடியில் எப்படி ஐயா போகும் என்று இரண்டு தடிமாடுகளில் ஒருவருக்குமே தோன்றவில்லை.

பென்டிரைவை உருவிவிட்டுக் கம்ப்யூட்டரை மறுபடி போட்டார். கறுப்புத் திரை. ஒரே ஒரு வெள்ளை வரி: திறப்பதற்கு இதில் எதுவும் இல்லை. "வயர் லூசு" என்றார். வயரை அழுத்தினார். கறுப்பு. "அப்ப ஸ்லாட்டு சரியில்ல" என்றார். இடத்தை மாற்றினார். கறுப்பு. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்களே, எங்கள் கூடம் கால் மணி நேரத்தில் எட்டுப் பக்கமும் கோணலாயிற்று. கடைசியில், "சரி, பழசையே மாட்டிக் காட்டுறேன்" என்று பழைய டிஸ்க்கை மட்டும் வைத்துப் போட்டார். அதே கறுப்பு. அதே வரி. அப்போதுதான் மச்சான் அன்று முதல் தடவையாகத் திரையில் இருந்ததைப் படித்தார்.

என் மனைவி அடுக்களை வாசலில் வந்து நின்றாள். மாடிப்படி வரையும்போது எந்தப் பக்கம் ஏறுகிறது என்று அம்புக்குறி போடுவது அவள் தொழில். கேட்க வேண்டியதை ஒரே கேள்வியில் கேட்டாள்.

"அண்ணா, எதுலேர்ந்து எதுக்கு அனுப்பின?"

மச்சான் தன் இடக்கையையும் வலக்கையையும் மாறி மாறிப் பார்த்தார். துடைத்து வைத்த வெற்று டிஸ்க்கை அப்படியே அச்சுப் பிசகாமல் நகலெடுத்து, நாற்பத்தாறு தாளின்மேல் கொட்டியிருந்தார். ஒன்றும் இல்லாததை நகலெடுக்க நாற்பது நொடியே அதிகம்தான்.

"சாஃப்ட்வேர் மோசம்மா" என்றார் மெல்ல. அடுத்த கணமே முகம் மலர்ந்தது. "ஏன் கலங்குற? அதான் மாப்பிள்ளை பேக்கப் எடுத்திருக்காரே!"

எனக்கும் உயிர் வந்தது. அப்பாடா! சட்டைப் பையிலிருந்து பென்டிரைவை எடுத்து, என் அலுவலக லேப்டாப்பில் செருகினேன். செருகும்போது மச்சானை ஒரு பார்வை பார்த்தேன். வேலை என்றால் எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லித்தரும் பார்வை.

'பள்ளிக்கூடம்' இருந்தது. அதன் இடது மூலையில் சின்னதாக ஒரு வளைந்த அம்புக்குறியும் இருந்தது. அளவு ஒரு கேபி. நான்கு மாத உழைப்பு எப்படி ஒரு கேபியில் அடங்கும்? தட்டினேன். 'இந்தக் குறுக்குவழி காட்டும் இடம் காணப்படவில்லை' என்றது. ஃபோல்டர் எங்கோ உள்ளே இருந்திருக்கிறது. முகப்பில் இருந்தது அதற்குப் போகும் வழி மட்டும். வீடு பற்றி எரிவதற்கு முன்னால் ஓடிப்போய் விலாசத்தைப் பத்திரமாக எழுதிக்கொண்டு வந்தவன் நான்.

"எடுத்தாச்சுன்னு சொன்னீங்களே" என்றாள்.

ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். மச்சானை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரைப் பற்றி அவளுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். என்னைப் பற்றித்தான் தெரியாமல் இருந்திருக்கிறது. அந்த நிமிடம் எனக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அழிந்ததை மீட்டுத் தரும் கடைக்காரர் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு நாற்பத்தாறில் பதினொன்றைத் திருப்பித் தந்தார். அத்தனையும் கழிவறைப் பகுதி. திங்கட்கிழமை வந்தது, போனது. பள்ளிக்கூடத்தார் மரியாதையானவர்கள்; வருத்தம் தெரிவித்து, வேலையை ஒரு பெரிய இன்ஜினியரிடம் மாற்றிவிட்டார்கள். அந்த இன்ஜினியருக்கு வரைந்து கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. யாரைக் கூப்பிட்டிருப்பார் என்று நினைக்கிறீர்கள்? மீதி முப்பத்தைந்து தாளையும் ஞாபகத்திலிருந்து மூன்று வாரத்தில் அவளே மறுபடி வரைந்தாள். மூலைக் கட்டத்தில் அந்த இன்ஜினியர் பெயரை அவள் கையாலேயே அடித்தாள்.

புது டிஸ்க்கில் எல்லாம் புதிதாக ஏற்றியாகிவிட்டது; கம்ப்யூட்டர் இப்போது ஒன்பது நொடியில் திறக்கிறது. ஒன்பதே நொடி! பால் பொங்குவதற்குள் பத்துத் தடவை திறந்து மூடலாம்.

மச்சான் திருந்தினாரா என்கிறீர்களா? நல்ல கேள்வி. போன மாதம் உறவுக்காரர்கள் கூடியிருந்த இடத்தில் நடுநாயகமாக உட்கார்ந்து, "தங்கச்சி மெஷினுக்கு நான்தான் எஸ்எஸ்டி போட்டேன். ஒம்பது செகண்ட்! சின்னதா ஒரு சிக்கல் வந்துச்சு. மாப்பிள்ளைதான் பேக்கப்புல சொதப்பிட்டாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எழுந்து மறுக்கலாம் என்று பார்த்தேன். மறுக்க என்ன இருக்கிறது? சுற்றியிருந்தவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அதில் இரண்டு பேர் அவரிடம் தங்கள் வீட்டு விலாசத்தைக் கொடுத்தார்கள்.

ஆகவே வாசகரே, ஸ்க்ரூ டிரைவர் வைத்திருப்பவரைக் கண்டால் மட்டும் ஒதுங்கினால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். இந்த இனத்தில் இன்னொரு வகை உண்டு. அது எதையும் கழற்றாது, தும்மாது, ஊதாது. ஓரமாக நின்று லைட் பிடிக்கும். "எடுத்தாச்சு, எடுத்தாச்சு" என்று சொல்லும். பிறகு மச்சானைக் கேலி செய்து கட்டுரை எழுதும். அந்தக் கட்டுரையைப் படித்து, நமக்கெல்லாம் இப்படி ஆகாது என்று இவ்வளவு நேரம் சிரிக்கவும் சிரிக்கும்.

உங்கள் வீட்டிலும் மேசை இழுப்பறையில் ஒரு பென்டிரைவ் இருக்கும். யாரோ உங்களை நம்பிக் கேட்டு, நீங்களும் "எடுத்தாச்சு" என்று சொல்லிப் போட்டு வைத்தது. எழுந்து போய் அதைச் செருகி, மூலையில் வளைந்த அம்பு ஏதாவது தெரிகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்களேன். ஐந்து நிமிட வேலைதான்.